பழுது பார்ப்பவர் கண்ணும் பிறர் அந்தரங்கமும்

கேரள ராஜ்யத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு ஜில்லாவின் மேற்குக் கோடியில், பாரதப்புழையை ஒட்டிய பிரதேசத்தில், தென்னையும் நெல்லும் விளைகின்ற சமவெளிக் கிராமம். மற்றொன்று இடுக்கி ஜில்லாவில், குமுளியிலிருந்து மூணாறு செல்லும் மலைப்பாதையில், வண்டன்மேட்டுக்கு அருகே ஏலத்தோட்டங்களின் நடுவே அமைந்த சிற்றூர். இந்த இரண்டாவது ஆனைக்கரைக்குப் பக்கத்திலுள்ள செல்லார்கோவிலின் மலைவிளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடப்பதைக் காணலாம். சுதந்திரத்துக்கு முன்னர் பாலக்காட்டு ஆனைக்கரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் மலபாரிலும், மலைமேல் ஆனைக்கரை திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியிலும் அடங்கியிருந்தமையால், ஒரே பெயர் கொண்ட இவ்விரு இடங்களில் ஒருவர் தம் மனத்திலுள்ளதை எழுதி ஒட்டிக் கொடுத்த கடிதம் இரு வேறு ராஜாங்கங்களின் பாதுகாப்பில் பிரயாணம் செய்தது: சமவெளியில் அதைச் சுமந்தது சர்க்கார் தபால், மலையில் சுமந்தது திருவிதாங்கூரின் சொந்தத் தபாலாகிய அஞ்சல்.

மணி கட்டிய தடியைக் கையில் பிடித்து ஓடிய அஞ்சல்காரனுக்கு வழிவிட வேண்டும் என்பது அந்த ராஜ்யத்தில் எல்லோரும் அறிந்த நியதி. 1951இல் இந்தியத் தபால் இலாகாவோடு அஞ்சல் இணைக்கப்பட்டபோது அந்த மணியோசையும் ஓய்ந்தது. ஆனால் கடிதத்தின் ரகசியம் ஓட்டக்காரனின் கையிலிருந்த வரையில் அதற்கு அபாயம் குறைவே. அது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் உண்மையான சோதனை காத்திருந்தது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஏலக்காட்டு வேலைக்கு மலையேறிய ஜனங்களில் எழுத்தறிந்தோர் சிலரே ஆகையால், ஊரிலிருந்து வந்த கார்டைப் படித்துச் சொல்வதற்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ, கடைக்காரரோ, தபால்காரரோதான் வேண்டியிருந்தது. மனைவிக்குப் பிரசவமானதையும், தம்பி வாங்கிய கடன் வட்டியேறி நிற்பதையும், பங்காளி வரப்பை வெட்டியதையும் அயலார் ஒருவர் வாயால் கேட்டே அவர்கள் அறிந்தார்கள். 1879இல் காலணா விலைக்கு வந்த கார்டோ ஒட்டவும் மூடவும் இயலாத பொருள். மலிவான விலையில் செய்தி அனுப்ப விரும்பிய ஏழை, தன் அந்தரங்கத்தைச் சேர்த்தே விலையாகக் கொடுத்தான் என்று சொன்னால் மிகையன்று. மடித்து ஒட்டத்தக்க இன்லண்ட் கடிதம் 1950 அக்டோபரில் வந்தபோது பாமர ஜனங்களிடையே அதற்குக் கிடைத்த வரவேற்பில் இந்தக் காரணத்துக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

பிறர் செய்தியைத் தொழில் நிமித்தம் கையாள்பவர் அதை வெளியிடலாகாது என்பதை நம் நாட்டுச் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், செய்தியைத் தகாத வகையில் இடைமறித்தோ வெளியிட்டோ துரோகம் செய்யும் தந்தி ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறைவாசம் விதித்தது. ஆனால் அதே சட்டமும் 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டமும், பொது அபாயத்தைக் காரணம் காட்டிச் சர்க்கார் தானே பிரித்துப் பார்த்துக்கொள்ள வழி வைத்துக்கொண்டன. இந்த வழியை அடைக்கும் சந்தர்ப்பம் அரசியல் நிர்ணய சபைக்கு வாய்த்தது. சென்னை மாகாணத்தின் பிரதிநிதியாக அச்சபையில் அமர்ந்திருந்த அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டு ஆனைக்கரையின் வடக்கத்துக் குடும்பத்தில் 1894இல் பிறந்தவர், காப்டன் லட்சுமியின் தாயார், பின்னர் 1952இல் திண்டுக்கல் தொகுதியின் முதல் லோக்சபை உறுப்பினர். கடித ரகசியத்தை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று அச்சபை உறுப்பினர் முன்ஷி முதலியோர் நகலில் சேர்த்திருந்த ஷரத்தை, தனிக் கடிதங்களையெல்லாம் ராஜாங்க தஸ்தாவேஜுகளுக்குச் சமமாக்கிவிட்டால் வியாஜ்ஜியங்களில் சாட்சியம் கெடும் என்று அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஆட்சேபித்ததன் பேரில் ஆலோசனைக் குழு கைவிட்டது. 1947 ஏப்ரலில் சோமநாத் லாகிரி கொண்டுவந்த திருத்தமும் தோற்றது. அரசியல் சட்டம் கைப்பையில் அடங்கும் சிறு நூலாயிருக்கும் என்றே தாம் எண்ணியிருந்ததாக 1949 நவம்பரில் அம்மு அம்மாள் சபையில் குறைப்பட்டுக்கொண்டார். அத்தனை பருத்த நூலிலும் இந்த ஒரு வரிக்கு இடமில்லாமற் போயிற்று.

அதற்குப் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1986இல் தபால்களைப் பிரிக்கும் அதிகாரத்தை விரித்து பார்லிமெண்டு நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஜெயில் சிங் கையொப்பமிடாமலே நிறுத்திவைத்தார். 1994இல், சிறைக் கைதியான ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில், தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று ஸ்தாபித்தார்கள். இவையாவும் பெரும்பாலும் சர்க்காரின் கண்ணைப் பற்றியும் பத்திரிகையின் கண்ணைப் பற்றியும் எழுந்த விவாதங்கள். கடைத்தெருவில் ஸ்டூலின் மேல் உட்கார்ந்து நம் பொருளைப் பிரிப்பவரின் கண்ணைப் பற்றிச் சென்ற நூற்றாண்டில் ஒருவரும் விவாதிக்கவில்லை. விவாதிக்க வேண்டிய அவசியமும் அப்போது ஏற்படவில்லை; ஏனெனில் அந்த விஷயத்தைச் சட்டத்துக்கு விடாமல் சம்பிரதாயமே கவனித்துக்கொண்டது.

பொற்கொல்லர் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பழைய நகையை அழித்துப் புதிது செய்யக் கொடுத்த குடும்பத்தார், பொன் உருகி முடியும் வரையில் பட்டறைத் திண்ணையை விட்டு அசைவதில்லை. அதை அவமதிப்பாக ஆசாரியும் கருதுவதில்லை. எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது அவருக்கும் ரட்சை, நாளைக்கு ஒரு குன்றிமணி குறைந்ததென்று யாரும் வாய்விட முடியாது. கடிகாரம் பழுது பார்ப்பவரிடத்தில் வேறொரு முறை இருந்தது. கண்ணில் குழல் லென்ஸைச் செருகிக்கொண்டு, வெள்ளைத் தாளின்மேல் திருகாணிகளை வரிசையாக வைத்து, வேலை முடிந்து மூடியைப் பொருத்துமுன் அந்த மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் தம் அடையாளத்தையும் தேதியையும் கடுகளவு எழுத்தில் கீறிவைப்பார். பழைய கைக்கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அதைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்பது கீறல்களிலிருந்து இன்றும் தெரியும். தன்னைத் திறந்தவர் யார் என்பதைப் பொருளே சொல்லும்படியான ஏற்பாடு அது. ரேடியோக்காரரிடம் இந்த ஜாக்கிரதை ஒன்றும் தேவைப்படவில்லை. வால்வு போன பெட்டிக்குள் தூசியும் பல்லிமுட்டையும் இருக்குமேயொழியக் குடும்ப ரகசியம் இராது.

பெட்டியைத் திறப்பவர் உள்ளிருப்பதையும் கண்டே தீரவேண்டிய முதல் தொழில் போட்டோ ஸ்டூடியோக்காரருடையது. 1888இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் பெட்டியில் நூறு படம் எடுத்தபின், வாங்கியவர் அந்தப் பெட்டியையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். கம்பெனி சுருளை எடுத்துக் கழுவிப் படமாக்கி, புதுச் சுருள் இட்டுத் திருப்பியனுப்பும். இரண்டே ஆண்டில், 1890இல், வக்கீல்கள் வாரனும் பிராண்டீஸும் அந்தரங்க உரிமையைப் பற்றிய தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதற்கு நொடியில் எடுக்கும் போட்டோவும் அதைப் பரப்பும் பத்திரிகையும் காரணமாயின. நம் பக்கத்தில் உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967 முதல் இந்து என்ற பெயரில் பிலிம் செய்து கொடுத்தது. அதில் பதிந்த கல்யாணமும் சீமந்தமும் குலதெய்வப் படையலும் இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் முதலில் தெரிந்தது ஸ்டூடியோக்காரரின் கண்ணுக்கே. நெகடிவும் பெரும்பாலும் அவரிடமே தங்கியது. ஆயினும் அதனால் பெரிய அனர்த்தங்கள் விளையாதிருந்ததற்கு, அவர் ஊருக்குத் தெரிந்தவர், கடை மாறாதவர், நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டியவர் என்பது ஒரு காரணம். ஸ்டூடியோக்காரர் பார்க்கக் கூடாததை ஒருவரும் படமெடுப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். முப்பத்தாறு படத்துக்கு மேல் கொள்ளாத சுருள் மனிதரை அடக்கமாக வைத்திருந்தது.

டெலிபோனிலும் இப்படியே. டிரங்கு கால் புக் செய்து மணிக்கணக்காய்க் காத்திருந்த காலத்தில் இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டர் காதில் விழாத பேச்சு இல்லை. தம் வாடிக்கையாளரின் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாகச் சந்தேகித்த ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கச் சவ அடக்க வியாபாரி, ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கற்பித்து 1891இல் பேடண்டு பெற்றார் என்பது தொழில் வரலாற்றில் வழங்கும் கதை. 1980களில் நம் ஊர்களில் முளைத்த எஸ்.டி.டி. பூத்தும், கண்ணாடிக் கதவுக்குள்ளே பேச்சை அடைத்து, யாரோடு பேசினோம் என்கிற நம்பரை மட்டும் சீட்டில் அச்சிட்டு உரிமையாளருக்குக் காட்டிற்று.

1996இல் கொச்சியில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை கேரளத்தின் முதல் மொபைல் அழைப்பைப் பேசினார். ஆனால் ஏலமலைக்கு அந்தக் கருவி வந்து சேர்ந்து, கூலிக்காரர் இடுப்பிலும் தங்குவதற்குப் பின்னும் பல வருஷங்கள் பிடித்தன. நோக்கியா 1100 போன்ற அக்காலத்துக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கொடுத்தவன் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. சிம்மைக் கழற்றிக்கொண்டால் உள்ளே எஞ்சுவது சில நம்பர்களும் பாம்பு விளையாட்டுமே. வினை வேறொரு வாசலால் நுழைந்தது. காமிராவும் மெமரி கார்டும் வைத்த போன்கள் மலிந்தபோது, பத்து இருபது ரூபாய்க்குக் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தரும் வழக்கம் தமிழ்நாடு கேரளம் முழுவதும் பஸ் நிலையத்துக்குப் பஸ் நிலையம் பரவிற்று. வாடிக்கைக்காரன் விரல் நகமளவுக் கார்டைக் கழற்றி நீட்டுவான். கடைப்பையன் அதை ரீடரில் செருகுவான். கம்ப்யூட்டர் திரையில் கார்டிலுள்ள அறைகளெல்லாம் வரிசையாகத் திறந்துகொள்ளும், படங்கள் இருக்கும் அறை உட்பட. இளையராஜா பாட்டு இருநூறு உள்ளே போகிற நேரத்தில் தங்கச்சி கல்யாணத்துப் படங்கள் வெளியே வருவதற்கு மவுஸின் ஒரு சொடுக்குப் போதும், வந்ததற்கு எந்தக் கீறலும் அடையாளமாக நிற்காது. நம் ஜனங்கள் தம் அந்தரங்கத்தை முன்பின் அறியாதவரிடம் திறந்து கொடுக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது இந்தப் பாட்டுக் கடைகளிலேதான் என்று நினைக்கிறேன். அது களிப்புக்காகச் செய்த காரியம் ஆதலால் எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

இன்று ஏலமலைச் சந்திப்புகளில் தமிழிலும் மலையாளத்திலும் பலகை மாட்டிய செல்போன் கடைகளுக்குக் குறைவில்லை. காலையில் கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ ஜீப்பில் நெருக்கியடித்து வந்திறங்கும் தொழிலாளியின் போன், மழையில் நனைந்தோ பாறையில் விழுந்தோ டிஸ்பிளே போய்விட்டதென்றால், அவர் கடையில் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார். சாயங்காலம் ஜீப் ஏறுமுன் வாங்கிக்கொள்வார். பொற்கொல்லர் திண்ணையில் உட்கார அவருடைய தாத்தாவுக்கு அவகாசம் இருந்தது, இவருக்கு இல்லை, அன்றையக் கூலி போய்விடும். அவர் போனதும் கடைக்காரர் ஒரு துண்டு ஸ்டிக்கரில் பெயரை எழுதி, அதன் கீழே ஒன்பது புள்ளி வைத்து, எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிக்க வேண்டுமென்று அம்புக்குறியோடு கோடிழுத்து, போனின் முதுகில் ஒட்டி மேஜைமேல் வைப்பார். அந்தக் கோடுதான் பேட்டர்ன் லாக். பேங்கு பாஸ்புக்கும், ஆதார் நகலும், பணம் அனுப்பும் செயலியும், குழந்தையைக் குளிப்பாட்டும் படமும், பெண்டாட்டியின் குரல் செய்தியும் அடங்கிய பெட்டியின் சாவி, பெட்டியின்மேலேயே ஒட்டப்பட்டு, கடைக்கு வருவோர் போவோர் எல்லோரும் பார்க்கும்படி பகல் முழுதும் கிடக்கிறது.

கடைக்காரர்மேல் இதற்காகக் கோபிப்பதில் அர்த்தமில்லை. டச் வேலை செய்கிறதா, காமிரா தெளிவாயிருக்கிறதா, மைக்கில் குரல் ஏறுகிறதா என்று சோதிக்காமல் திருப்பிக் கொடுத்தால் மறுநாள் காலை அதே போன் வந்து நிற்கும், சோதிக்கத் திறந்தாக வேண்டும். சிரத்தையோடு உழைத்துப் பிறர் படத்தைக் கண்ணெடுத்தும் பாராத பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் முன்காலத்துத் தொழிலாளர்களின் நாணயமும் அவர்களுடைய குணத்தில் மட்டும் நின்றதில்லை. எதிரே அமர்ந்த ஆளும், மூடியில் கீறிய எழுத்தும், மாறாத கடையும் அதற்கு முட்டுக் கொடுத்தன. கடிகாரக்காரரின் ஸ்டூலையும் லென்ஸையும் சாமணத்தையும் அப்படியே சுவீகரித்துக்கொண்ட செல்போன் தொழில், அந்த முட்டுக்களில் ஒன்றையும் சுவீகரிக்கவில்லை.

விளைவை உலகம் 2008இல் ஹாங்காங்கில் பெரிய அளவில் கண்டது. எடிசன் சென் என்ற நடிகர் பழுதுபார்க்கக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து அவருடைய அந்தரங்கப் படங்கள் எடுக்கப்பட்டு ஊரெங்கும் பரவின. கடையில் வேலை பார்த்தவர் அடுத்த ஆண்டில் எட்டரை மாதச் சிறைவாசம் பெற்றார், படத்திலிருந்த பெண்கள் இழந்ததோ கணக்கில் அடங்காது. பெரிய கம்பெனியின் சர்வீஸ் என்றால் பயமில்லை என்போருக்கு 2016இல் கலிபோர்னியாவில் நடந்தது பதிலாகும். ஆப்பிள் நிறுவனத்துக்காக ஒப்பந்ததாரர் நடத்திய நிலையத்தில் ஒரு மாணவியின் ஐபோனைப் பழுதுபார்த்தவர்கள் அவளது படங்களை அவளுடைய பேஸ்புக் கணக்கிலேயே, அவளே வெளியிட்டாற்போல் ஏற்றிவிட்டார்கள். கனடாவில் குயெல்ப் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. எதைத் திறந்தாலும் ரகசியமாகக் குறித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்களை அவர்கள் பல கடைகளில் கொடுத்து வாங்கினார்கள். ஆறு கடைகளில் சொந்த விஷயங்களைப் புரட்டியிருந்தார்கள், அவற்றில் இரண்டில் நகலும் எடுத்துக்கொண்டார்கள். பேட்டரி மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு எதற்கு? ஆயினும் அதற்கும் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்டு கேட்டனவாம்.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தைச் சம்மதமின்றி எடுத்தாலும் பரப்பினாலும் மூன்றாண்டு வரை தண்டிக்கிறது. 72ஏ பிரிவு, ஒப்பந்தத்தின்படி கைக்கு வந்த சொந்தத் தகவலைத் துரோகமாக வெளியிடுவோரைத் தண்டிக்கிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. தந்தி ஊழியருக்கு 1885இல் விதித்த அதே மூன்றாண்டு நூறு வருஷங்களுக்கும் மேல் கழித்துச் செல்போன் கடைக்கும் எட்டியிருக்கிறது என்று மகிழலாம். ஆனால் பெரும்பாலும் படம் வெளியானபின்பே இச்சட்டங்களுக்கு வேலை. மாநில எல்லையைக் கடந்து வேலைக்கு வந்த ஒரு பெண், எந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் போய், எந்தப் பாஷையில், எந்தப் படத்தைக் காட்டிப் புகார் எழுதுவாள் என்பதை யோசித்தால் அந்த வேலை எவ்வளவு தூரம் நடக்கும் என்பது விளங்கும்.

ஆகையால் பழைய முட்டுக்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கருவிக்குள்ளேயே வைக்க உற்பத்தியாளர்கள் முற்பட்டது நல்ல காரியம். 2022இல் சாம்சங் கொண்டுவந்த மெயின்டெனன்ஸ் மோட் என்ற ஏற்பாட்டை செட்டிங்க்ஸில் இயக்கிவிட்டால், போன் அணைந்து மீண்டும் எழும்போது படமும் செய்தியும் கணக்கும் ஒன்றுமில்லாத வெறும் கருவியாக எழும். சோதிப்பவர் டச்சையும் காமிராவையும் இஷ்டம்போல் சோதிக்கலாம், சொந்தக்காரர் பாஸ்வேர்டு இட்டால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். கூகுளின் பிக்சல் போன்களுக்கு 2023 டிசம்பரில் இதே ஏற்பாடு வந்தது. இந்த வசதியில்லாத மலிவுப் போன்களிலும், இப்போதைய கருவிகள் உள்ளிருப்பதைப் பாஸ்வேர்டைக் கொண்டே பூட்டிவைப்பதால், அந்தக் கோட்டை வரைந்து கொடுக்காத வரையில் கேபிள் செருகிப் படத்தை இழுத்துவிட முடியாது. மெமரி கார்டுக்கு அந்தப் பூட்டு பெரும்பாலும் கிடையாது, ஆகவே அதையும், ஓ.டி.பி. வந்து சேரும் சிம்மையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதே உத்தமம். சாப்ட்வேர் கோளாறு என்று கொடுப்பவர் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் வைத்து, போனை முழுக்க அழித்துக் கொடுத்தால் பார்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது.

இவற்றிலெல்லாம் ஒரு சிக்கல் இருக்கிறது. மலையில் பத்துப் போன் பழுதானால் அதிகமாகக் கண்ணில் படுவது டிஸ்பிளே உடைந்த போனே. திரை இருண்டபின் மெயின்டெனன்ஸ் மோடை இயக்குவதற்கும் வழியில்லை, உள்ளதை அழிப்பதற்கும் சுலபமான வழியில்லை. அப்படிப்பட்ட போனைப் பூட்டியபடியே கொடுத்து, புது டிஸ்பிளே ஏறியதும் கடைக்காரர் கூப்பிட்டால் போய் நின்று, தன் கையாலேயே லாக்கை எடுத்து, டச்சும் காமிராவும் அவர் கண்ணெதிரே சோதித்து வாங்கிக்கொள்வதுதான் இன்றைக்கு இருக்கும் வழி. காட்டிலிருந்து நடுப்பகலில் வர இயலாதவர், காலையில் கொடுக்கும்போதே, மாட்டி மட்டும் வையுங்கள், சாயங்காலம் ஜீப்புக்குக் கால்மணி முன்னதாக வந்து நானே திறந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். டச் சரியில்லையென்றால் அன்றைக்குப் போன் கடையிலேயே தங்கும், அவ்வளவே. ஸ்டிக்கரில் பெயர் மட்டும் இருக்கும்.